பதினெட்டுப் பாகம்

என் வீட்டு வாசலில் எப்போதும் பெண்களின் செருப்புகள்தான் கிடக்கும். கல்முனைக்குடியில் போன் திருத்தும் கடைகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் தன்னுடைய படமும் பிள்ளைகளின் படமும் நிறைந்த போனை யாரோ ஒருவன் கையில் கொடுத்துவிட்டு வர எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? அதனால் என்னிடம் வருவார்கள். சமைக்கும் குசினிக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஈயம் பற்றவைக்கும் கோல், துடைக்கப் பழைய பல்தூரிகைகள் சில. இதுதான் என் கடை. போனைக் கழற்றி மாட்ட ஆகும் நேரத்தை விட, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை எப்படி, மாமி என்ன சொன்னார் என்று கேட்டு முடிக்கத்தான் அதிக நேரம் ஆகும்.

அந்த மேசையில் ஒரு நாள் படகில் ஆழம் பார்க்கும் பெட்டி வந்து உட்காரும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் கணவர் பாலமுனையில் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இவரும் அப்படித்தான் வந்தார். வந்த கையோடு என் காக்காவின் படகில் ஏறிவிட்டார். காக்கா என் உடன்பிறந்த அண்ணன், படகின் சொந்தக்காரர். ஆனால் சுக்கான் என் கணவரின் கையில். எந்தக் காற்றுக்குப் படகின் தலையை எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியும். மீனை யாரிடம் விற்க வேண்டும், யாரிடம் விற்கக் கூடாது என்பது காக்காவுக்குத் தெரியும். மச்சானும் மச்சானும் இப்படி வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு வருசக்கணக்காகக் கடலுக்குப் போனார்கள்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் போய், இருட்டுமுன் வலையை விட்டு, விடிந்ததும் இழுத்துக்கொண்டு வருகிற படகு அது. முன்பக்கத்தில் சின்னக் கூண்டு ஒன்று உண்டு. உப்புத் தண்ணீர் படக்கூடாதென்று, ஜீபீஎஸ்ஸும் ஆழமானியும் சேர்ந்த பெட்டியை அதற்குள்தான் வைத்திருந்தார்கள். சுக்கானோ படகின் கடைக்கோடியில். இரண்டுக்கும் நடுவில் எஞ்சின். ஆகவே ஒருவர் கூண்டுக்குள் இருந்து பெட்டியைப் பார்த்து ஆழத்தைக் கூவ வேண்டும். சுக்கானில் இருப்பவர் அதைக் கேட்டுப் படகைத் திருப்ப வேண்டும். கூவுவது காக்காவின் வேலை. எட்டுப் பாகம், பத்துப் பாகம், பன்னிரண்டு பாகம் என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி அவருடைய குரல் நிரந்தரமாகக் கரகரத்துப் போய்விட்டது. பாகம் என்றால், இரண்டு கைகளையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி எவ்வளவு வருமோ அவ்வளவு. எங்கள் கடலில் ஆழத்தை வேறு எதனாலும் சொல்ல மாட்டார்கள். பெட்டியை விற்ற கடைக்காரரே அதைப் பாகத்துக்கு மாற்றித்தான் கொடுத்திருந்தார்.

எஞ்சினுக்குப் பின்னாலேயே இத்தனை வருசம் நின்றதில் என் கணவரின் காது போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. சோறு போடட்டுமா என்று கேட்டால் பேசாமல் இருப்பார். நான் கோபம் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிடுவேன். காது கேட்கவில்லை என்று தெரியவருவதற்குள் அப்படி வீணாகப் போன சண்டைகள் எத்தனையோ. ஆசுப்பத்திரியில் காதுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். அது கரையில் உதவும். கடலில் எஞ்சின் சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுத்ததால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். வீட்டில் நான் கத்திப் பேசப் பழகிவிட்டேன். என் வீட்டுக் குடும்பக் கதை எதையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றாலே போதும்.

ஒரு நாள் மாலை கரைக்குக் கிட்டிய கல்லுப் பக்கமாகப் போகும்போது படகு தட்டிவிட்டது. கல்லு என்று நாங்கள் சொல்வது கடலுக்கடியில் கிடக்கும் பாறையை. காக்கா கூண்டுக்குள் இருந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். என் கணவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான், ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை. அடிப்பக்கம் வெடித்துப் படகைக் கரையில் ஏற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் காக்கா வீட்டுக்கு வந்தார். என் கணவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். தேத்தண்ணீர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"படகு ஒடஞ்சா ஒட்டலாம் புள்ள. ஆள் போனா என்ன செய்யிற? மச்சானக் கரையில இரிக்கச் சொல்லு. பொத்துவில்ல ஒரு ஆள் இரிக்கார், அவர்ட்டச் சுக்கானக் குடுக்கப்போறன்."

நான் சண்டைக்குப் போகத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என்ன சொல்லிச் சண்டை போடுவது? அவர் சொன்னது நியாயம். நியாயமாகப் பேசுகிறவர்களோடு சண்டை போடுவதைப் போலக் கஷ்டம் வேறு இல்லை. படகு திருத்தி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

என் கணவரிடம் இதை நான் கத்திச் சொல்ல விரும்பவில்லை, தெருவுக்கே கேட்டுவிடும். பக்கத்தில் இருந்துகொண்டே போனில் எழுதி அவருக்கு அனுப்பினேன். வாசித்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போவார், வருவார், முற்றத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மனிதர் கண்ணெதிரே உலர்ந்து போனார். கடலுக்குப் போகாத அவரை எனக்கு முன்னே பின்னே தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பம் இல்லை.

வழியைக் காட்டியது ஒரு வாடிக்கைக்காரி. போனில் வரும் நாடகத்தைத் தொலைக்காட்சியில் பெரிதாகப் பார்க்க வேண்டும், வயர் இல்லாமல் செய்யலாமாமே, செய்து தாருங்கள் என்று வந்தாள். அவளுடைய வீட்டுக்கே போய்ச் செய்து கொடுத்தேன். போனில் அழுதுகொண்டிருந்த நடிகை சுவரில் பெரிதாக அழத் தொடங்கினாள். எனக்கு நாடகத்தில் மனம் ஓடவில்லை. கையில் இருப்பது சுவரில் தெரியுமென்றால், கூண்டுக்குள் இருப்பது ஏன் சுக்கானடியில் தெரியாது? இவருக்குக் காதுதானே கேட்காது. தொலைவில் பறக்கும் பறவையைப் பார்த்து அதன் கீழே என்ன மீன் என்று சொல்கிற கண் அது.

வயர் இழுக்கலாமே என்று கேட்பீர்கள். அதை முன்னரே செய்து பார்த்து மூக்கு உடைபட்டிருந்தோம். பின்னால் இன்னொரு திரை வைத்து நீள வயர் கொண்டுபோனார்கள். வலையின் ஈயக் குண்டுகள் இழுபட்டு, ஐஸ் பெட்டி அதன் மேல் ஏறி, பொருத்துகளை உப்புத் தின்று, அந்த வருசத்துக்குள்ளேயே வயர் குப்பைக்குப் போனது. படகின் நடுவில் வயர் கிடந்தால் அது வயர் அல்ல, கால்தடுக்கி. ஆகவே காற்றில்தான் அனுப்ப வேண்டும்.

இணையத்தில் தேடினேன். படகுப் பெட்டியின் பின்னால் தொங்கும் வயர்களில் ஒரு சோடியில் ஆழம், வேகம், திசை, இடம் எல்லாம் ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்குமாம். அதைப் பிடித்து வைஃபையாக விடுவதற்கு ஒரு குட்டிப் பெட்டி உண்டு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. நான் சாமான்கள் எடுக்கும் கொழும்புக் கடையில் சொல்லி வரவழைத்தேன். படகுப் பெட்டி என் வீட்டில்தான் இருந்தது; கரையில் வைத்தால் காணாமல் போகும் என்று அதையும் ஆழம் பார்க்கும் குமிழையும் எப்போதும் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். சுக்கானடியில் வைப்பதற்குப் பெரிய திரையுள்ள டெப் தேடியும் அலையவில்லை. கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க வாங்கிய டெப் எங்கள் அலுமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. பெட்டி அனுப்பும் எண்களைக் காட்டுகிற செயலி ஒன்றை இணையத்திலிருந்து அதில் போட்டேன்.

ஒரு ஓட்டோ பற்றரியை இரவல் வாங்கி மேசைக்கு அடியில் வைத்தேன். சாமான்கள் எல்லாம் ஆயத்தம். ஆனால் பெட்டி பேசமாட்டேன் என்றது. வயர்களை இடம் மாற்றினேன்; பேசியது, ஆனால் விளங்காத எழுத்துகளாகக் கொட்டியது. பெட்டி பேசும் வேகமும் குட்டிப் பெட்டி கேட்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை விளக்கத் தாளின் பொடி எழுத்திலிருந்து கண்டுபிடிக்க எனக்குத் தலை சுற்றிப்போனது. அதுவும் சரி வந்த பிறகு புதிதாக ஒரு தலையிடி. டெப் கொஞ்ச நேரம் பெட்டியின் வைஃபையில் இருக்கும், பிறகு இதில் இணையம் இல்லை என்று சொல்லித் தானாகக் கழன்று வீட்டு வைஃபைக்குப் போய்விடும். வசதியான இடத்தைக் கண்டதும் வீடு மாறுகிற பூனைப் புத்தி. வீட்டு வைஃபையை அதன் நினைவிலிருந்தே அழித்த பிறகுதான் ஒழுங்காக இருந்தது.

இத்தனைக்கும் என் கணவர் அறைக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் முற்றத்தை விட்டு அங்கே வந்து நின்றாரே, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

குமிழ் தண்ணீருக்குள் இருந்தால்தான் ஆழம் காட்டும். வாளியில் போட்டால் பெட்டி குழம்பிவிடும். ஆகவே நீள வயரோடு குமிழைக் கிணற்றுக்குள் இறக்கினோம். நான் டெப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன், அங்கிருந்து முன்வாசலுக்கு ஓடினேன். எங்கே போனாலும் கிணற்றின் ஆழம் என் கையில் இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் கணவர் டெப்பை வாங்கிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், திரும்பவும் டெப்பைப் பார்த்தார். படகு கல்லில் தட்டிய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

அந்தச் சந்தோசத்தில் நான் செய்த வேலையைக் கேளுங்கள். வெயிலிலும் தெரியட்டும், அலையில் ஆடினாலும் தெரியட்டும் என்று திரையில் இருந்த மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு ஆழத்தின் எண்ணை மட்டும் பெரிதாக்கினேன். அது போதாதென்று இன்னும் பெரிதாக்கினேன். ஒரு எண் டெப்பின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் ஓரத்தில் எறும்பளவு ஓர் எழுத்து இருந்தது; எண் வீங்க வீங்க அது திரைக்கு வெளியே போய்விட்டது. அதை நான் கவனிக்கவே இல்லை. குட்டிப் பெட்டியைச் சாப்பாட்டு டப்பா ஒன்றில் அடைத்துச் சிலிக்கன் பூசினேன். டெப்பைத் தண்ணீர் போகாத உறையில் போட்டு, வெயில் படாமல் எண்ணெய்க் கேன் ஒன்றை வெட்டி முக்காடு போல மாட்டினேன்.

படகைத் திருத்திக் கடலில் இறக்கிய பிறகு காக்காவிடம் போய்ப் பேசினேன். பொத்துவில் ஆளைக் கூப்பிடுமுன் ஒரேயொரு தடவை இதைப் பாருங்கள் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை துளியும் இல்லை. தங்கச்சி கேட்கிறாளே என்று சம்மதித்தார். கடலுக்குப் போன அன்று, டெப் இருக்கிறதே, இனி நான் என்னத்துக்குக் கத்த வேண்டும் என்று வலை விடுகிற ஆளுக்கு உதவப் போய்விட்டாராம். வலைகாரர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அன்று நடந்ததை எனக்கு முழுசாகச் சொன்னவர் அவர்தான்.

அது மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம். தரையிலிருந்து வரும் புழுதியில் மலைகள் மறைந்துவிடும். கரையை வைத்து இடம் பிடிக்க முடியாது. ஆழத்தைத்தான் நம்ப வேண்டும். எங்கள் ஆட்கள் வலை விடுவது பதினெட்டுப் பாகத்தில். அங்கே அடித்தரை சேறும் மணலும், வலைக்கு நல்லது. பத்துப் பாகத்தைச் சுற்றிக் கல்லு, வலைக்கு எமன். என் கணவர் டெப்பைப் பார்த்துக்கொண்டே படகை ஓட்டினார். எண் பதினெட்டு ஆனது. எஞ்சினைக் குறைத்துக் கையை உயர்த்தினார். வலைகாரர் மிதவையையும் நங்கூரக் கல்லையும் போட்டு வலையை விடத் தொடங்கினார். அப்போதுதான் மிதவைக் கயிற்றைக் கண்டிருக்கிறார். பதினெட்டுப் பாகத்துக்கு அளந்து கட்டிய கயிறு பாதிதான் கீழே போயிருந்தது. மீதி முழுதும் தண்ணீருக்கு மேல் சுருள் சுருளாக மிதந்துகொண்டிருந்தது. அவர் கூச்சலிட்டு, காக்கா ஓடிப்போய் என் கணவரின் தோளைப் பிடித்து நிறுத்துவதற்குள் இறங்கிய வலை கல்லில் பிடித்துக்கொண்டது. கிழித்துத்தான் எடுத்தார்கள்.

வெறும் படகாகத் திரும்பி வந்தார்கள். காக்கா கரையில் இறங்கியதும் போனை எடுத்தாராம். பொத்துவிலுக்கு எடுத்துப் பேசுவதற்கு நம்பரைத் தேடினாராம். என் கணவர் டெப்பை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"கெதியா, நேரத்துக்கு முந்தியே வந்த மாதிரித்தான் எனக்கும் இருந்திச்சு. ஆனா நம்பரக் கண்டதும் மத்ததெல்லாம் மறந்து போயித்து. இனி ஒருத்தரையும் கேக்கத் தேவல்ல எண்டு நெனச்சிட்டன்."

அவர் மேல் எனக்குப் பிழை சொல்ல வரவில்லை. பெட்டியைத் திரும்பப் பற்றரியில் மாட்டிக் குமிழைக் கிணற்றில் விட்டேன். பெட்டியின் சொந்தத் திரையில் ஓர் எண், டெப்பில் வேறோர் எண். டெப்பில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் தடவை டெப்பைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினேனே தவிர, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எண்ணைச் சின்னதாக்கினேன். வெளியே ஓடிப்போயிருந்த அந்த எறும்பு எழுத்து மெல்லத் திரைக்குள் வந்தது. மீற்றர் என்பதைக் குறிக்கும் எழுத்து.

வெளிநாட்டில் செய்த செயலி, அதற்குப் பாகத்தைப் பற்றி என்ன தெரியும்? மீற்றரில் பதினெட்டு என்பது எங்கள் கணக்கில் பத்துப் பாகம்கூட இல்லை. நேரே கல்லுக்கு மேல் கொண்டுபோய் விட்டிருக்கிறது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு அந்த அமைப்பைத் தேடிப் பாகத்துக்கு மாற்றி, எண்ணைத் திரும்பப் பெரிதாக்கினேன். இரண்டு திரையிலும் ஒரே எண் வந்தது. மருதோன்றிக் கோனில் மிச்சம் இருந்ததை எடுத்து எண்ணெய்க் கேன் முக்காட்டின் நெற்றியில் பாகம் என்று பெரிதாக எழுதினேன். அது இரண்டு நாளில் அழிந்துவிடும் என்று என் கணவர் சொன்னதால், பிறகு நகப் பூச்சால் எழுதினேன்.

காக்காவிடம் போனபோது அவர் கிழிந்த வலையோடு இருந்தார். விசயத்தைச் சொன்னேன். வலையைத் தூக்கி என் முன்னால் பிடித்தார். நான் அதை முழுசாகப் பார்த்தேன்.

"காக்கா, இன்னொருக்காப் பாருங்க. இந்த முற நானும் வாறன்."

"நீ கடலுக்கு வந்து என்ன செய்யப்போற?"

"நான்தான் கட்டின. அப்ப நான்தான் பாக்கணும்."

எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறுவது வழக்கம் இல்லை. சின்ன வயதிலிருந்தே நான் பிடித்தால் விடமாட்டேன் என்பது காக்காவுக்குத் தெரியும். வலை ஏற்றமாட்டேன், வெறும் படகுதான் போகும், பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும் என்றார். இதுவும் பிழைத்தால் அன்று பின்னேரமே பொத்துவிலுக்குப் பேசிவிடுவேன் என்றும் சொன்னார். நான் ஓம் என்றேன்.

பெட்டி வருமுன் ஆழம் பார்த்த விதத்தைக் காக்கா மறக்கவில்லை. ஒரு நீளக் கயிற்றில் ஈயக்கட்டி ஒன்றைக் கட்டி, அதிலிருந்து இரண்டு கையையும் விரித்து விரித்துப் பதினெட்டுப் பாகம் அளந்து, அந்த இடத்தில் சிவப்புத் துணி ஒன்றை முடிந்தார். அளந்தது தன் கையால்தான். என் கணவர் குள்ளம். அவர் அளந்தால் கயிறு குறையும் என்று படகில் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். காக்கா நெட்டை. அவருடைய கையும் பெட்டியின் பாகமும் ஒன்று.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். சின்ன ஃபைபர் வள்ளத்தில் அலையைக் கடந்து படகில் ஏறுவதற்குள் அபாயா முழுக்க நனைந்துவிட்டது. கரையில் ஒரு கூட்டம் வேலைவெட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பார்க்கட்டும் என்று விட்டேன். நான் கூண்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயிறு புரட்டியது. வாந்தி எடுத்தால் காக்கா படகைத் திருப்பிவிடுவார் என்ற பயத்தில் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

காக்கா கூண்டுக்குள் போய்ப் பெட்டியின் முன்னால் இருந்தார். வலைகாரர் ஈயக்கட்டியோடு ஓரத்தில் நின்றார். என் கணவர் கடைக்கோடியில், சுக்கானில். அவருக்கு முன்னால் எண்ணெய்க் கேன் முக்காட்டுக்குள் டெப். எஞ்சின் போட்ட சத்தத்தில் என் காதே அடைத்தது. அன்றைக்குத்தான் அவருடைய காது எதற்குப் பலியானது என்பது எனக்கு முழுசாக விளங்கியது.

கொஞ்சத் தூரம் போனதும் காக்கா பழக்கத்தில் கூவினார், ஆறு பாகம் என்று. என் கணவருக்கு அது கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் டெப்பைப் பார்த்துவிட்டு, சுக்கானை முழங்காலால் அணைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் ஆறு விரலைக் காட்டினார். காக்கா கூண்டுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். திரும்ப உள்ளே போனார். இந்த முறை சோதிக்கிற மாதிரிக் கூவாமலே எட்டிப் பார்த்தார். என் கணவர் ஒன்பதைக் காட்டினார். காக்கா தன் பெட்டியைப் பார்த்தார். அவருடைய வாய் மெல்லக் கோணியது. சிரிப்பை அடக்கும்போது சின்ன வயதிலும் அப்படித்தான் கோணும்.

பத்துப் பாகத்தில், போன தடவை வலை கிழிந்த கல்லுக்கு மேலே, என் கணவர் என்னைப் பார்த்துக் கீழே சுட்டிக் காட்டினார். இங்கேதான் என்று விளங்கிக்கொண்டேன். படகு அதைத் தாண்டிப் போனது. பதினான்கு, பதினாறு. புழுதிக்குள் கரை போய்விட்டது, மலைகள் எப்போதோ போய்விட்டன. நாலா பக்கமும் ஒரே மாதிரித் தண்ணீர்.

என் கணவர் எஞ்சினைக் குறைத்தார். படகு தன் வேகத்தில் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அவர் கையை உயர்த்தினார். காக்கா கூண்டுக்குள் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வலைகாரருக்குச் சைகை காட்டினார். வலைகாரர் பிஸ்மில்லாஹ் சொல்லி ஈயக்கட்டியைத் தண்ணீரில் போட்டார்.

கயிறு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. படகு ஓரத்தில் அது உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சிவப்புத் துணி தளத்தில் கிடந்த சுருளிலிருந்து எழும்பியது, ஓரத்தைத் தாண்டியது, தண்ணீரைத் தொட்டது. அங்கேயே நின்றது. வலைகாரர் கயிற்றை இரண்டு மூன்று தடவை தூக்கித் தட்டிப் பார்த்தார். ஈயம் தரையில் இருந்தது. துணி தண்ணீரின் மட்டத்தில் நனைந்தும் நனையாமலும் ஆடிக்கொண்டிருந்தது.

"பதினெட்டு" என்றார் வலைகாரர். யாருக்கும் அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை.

காக்கா கூண்டை விட்டு வெளியே வந்தார். எஞ்சினைச் சுற்றி, என்னைத் தாண்டி, படகின் கடைக்கோடிக்கு நடந்து போனார். என் கணவருக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. சுக்கானை வாங்கத்தான் வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். எழுந்து நின்று, ஒதுங்கி, இடம் விட்டார். காக்கா அவருடைய இரண்டு தோளிலும் கை வைத்தார். அழுத்தி, அவரைத் திரும்பச் சுக்கானடியில் உட்கார வைத்தார். பிறகு பக்கத்தில் தானும் உட்கார்ந்து, டெப்பின் முக்காட்டுக்குள் தலையை விட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இவ்வளவு நேரம் பொத்தி வைத்திருந்த வயிறு அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக வாந்தி எடுத்தேன். இனி யார் திருப்பினாலும் எனக்கென்ன.

திரும்பி வரும்போது காக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். அதிலும் அந்த எண் வருமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். கொஞ்சத்தில் வலைகாரரும் தன்னுடையதை நீட்டினார். எல்லோருடைய கையிலும் ஒரே ஆழம். காக்கா கூண்டுக்குப் போகவே இல்லை. ஐஸ் பெட்டியின் மேல் சப்பணம் கட்டி இருந்து போனைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் படகில் ஒருவரும் கத்தாமல் கரைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் வலையோடு போனார்கள். விடிய வந்தபோது பாரை மீன் ஐஸ் பெட்டி கொள்ளாமல் கிடந்தது. பொத்துவில்காரர் இன்னும் பொத்துவிலில்தான் இருக்கிறார். பாவம், தன் பெயர் எங்கள் வீட்டில் இவ்வளவு அடிபட்டது அவருக்குத் தெரியாது. இப்போது என் வாசலில் பெண்களின் செருப்புகளோடு ஆண்களின் செருப்புகளும் கிடக்கின்றன. சாக்கில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். உள்ளே வரக் கூச்சப்பட்டு முற்றத்தில் நிற்பார்கள். கட்டிக் கொடுக்குமுன் நான் முதலில் பார்ப்பது அந்த எறும்பு எழுத்தைத்தான்.

நானும் கடலுக்குப் போன அன்று, கரையில் இறங்கி என் கணவரும் நானும் வீட்டுக்கு நடந்தோம். டெப்பைப் பச்சைப்பிள்ளை போல நெஞ்சோடு அணைத்திருந்தார். வாசலுக்கு வந்ததும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த நம்பரக் கொஞ்சம் சின்னதாக்கு புள்ள. எனக்குக் காதுதான் கேக்கா. கண் நல்லாத் தெரியும்."

நான் ஆகட்டும் என்று தலையாட்டினேன். ஆனால் சின்னதாக்கவில்லை. இன்றைக்கும் அது அப்படியேதான், படகின் முன்பக்கத்தில் வைத்தாலும் சுக்கானிலிருந்து தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்கிறது.